தடுப்பால வந்த அண்ணன் ஒராள் மட்டக்களப்பு பஸ் ஸ்டாண்ட் பக்கம் படுக்கிறார், வீட்டு உதவிக்கு எங்க போறது?

கல்லடிப்பாலம்_ஓட்டோ எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். நான் டவுன்ல ஓட்டோ ஓடுறவன். ஒரு அலுவல் கேக்கணும், கொஞ்சம் நீளமா வரும், பொறுமையா வாசிங்க.

நாங்க வெள்ளென ஓட்டோ நிப்பாட்டுற இடத்துக்குப் பக்கத்தில ஒரு கடை விறாந்தை இருக்கு, அங்க ஒரு அண்ணன் படுக்கிறார். ஒரு வருசத்துக்கு மேல பாத்துக்கொண்டு வாறன். கடைக்காரர் வர முதல் எழும்பி சாறன நாலா மடிச்சு பையில வச்சிட்டு கடை முன்னால முழுக்கக் கூட்டித்தான் போவார். யாரும் சொல்லிச் செய்றல்ல. இடது கால் முழங்காலுக்குக் கீழ இல்ல, பொய்க்கால் போட்டிருக்கார், அதுட வார் அறுந்து போய் சைக்கிள் டியூப்ப கீறி கட்டியிருக்கார். நான் முதல்ல பிச்சைக்கார ஆள் எண்டுதான் நினைச்சன், ஆனா ஒருக்காலும் கை நீட்டிக் கேட்டதில்ல, பஸ்ஸில சாமான் ஏத்தி இறக்கி விடுவார், மீன் பெட்டி கழுவுவார், அதுல வாற காசுலதான் சாப்பாடு.

இந்த சித்திரை வருசத்துக்கு முதல் நாள் ராவு பொடியங்கள் வெடி கொளுத்தினாங்க. நான் கடைசி ஹயர் முடிச்சு வாறன், இவர் விறாந்தை மூலையில சுவரோட முதுக ஒட்டிக்கொண்டு பொய்க்கால ரெண்டு கையாலயும் பிடிச்சபடி குந்தியிருக்கார், கண் மூடவே இல்ல. நான் பக்கத்தில போய் இருந்தன். விடியுமட்டும் கதைச்சார். படுவான்கரை ஆள். 16 வயசில புலிகள் இயக்கத்துக்குப் போனவர், வன்னியில கால் போச்சு, 2009 மே மாசம் சரணடைஞ்சு, ரெண்டு வருசம் தடுப்பில இருந்து புனர்வாழ்வு முடிச்சு 2011ல ஊருக்கு வந்திருக்கார். வரக்குள்ள தாய் தகப்பன் ரெண்டு பேரும் இல்ல. தாய்ட வீடும் வளவும் தங்கச்சிக்கு சீதனமா எழுதியாச்சு. அதுல அவருக்கு ஒரு கோவமும் இல்ல, "நம்மட ஊர் முறை அதுதானே தம்பி, பொம்புளப்புள்ளைக்குத்தானே வீடு" எண்டு சொல்றார். கொஞ்ச நாள் தங்கச்சி வீட்டில இருந்திருக்கார், இரவில கத்தி எழும்புறது, சின்னப்புள்ளைகள் பயப்படுறது, விசாரிக்க எண்டு ஆக்கள் வந்து வந்து போறது, மச்சானுக்கு ஒரு மாதிரியாப் போச்சு. ஒருத்தரும் போகச் சொல்லல்ல, இவரா வெளிக்கிட்டு வந்திட்டார்.

பையில ஒரு லெமினேட் பண்ணின கடதாசி வச்சிருக்கார், புனர்வாழ்வு முடிச்ச கடிதம். அடையாள அட்டை துலைஞ்சு போச்சு. ஒரு ஒபிசுக்கு கூட்டிக்கொண்டு போனன், எந்த ஒபிஸ் எண்டு சொல்ல விரும்பல்ல. அங்க இருந்தவர் நிமிந்து பாக்காம "விலாசம் என்ன" எண்டார். இல்ல எண்டம். "விலாசம் இல்லாட்டி ஒண்டும் செய்யேலா" எண்டு அடுத்த ஆளக் கூப்பிட்டார். அண்ணன் அந்தக் கடிதத்த திரும்ப பையில வைக்கக்குள்ள கை நடுங்கினத நான் பாத்தன், எனக்கு தொண்டைய அடைச்சிட்டு.

அமெரிக்காவில எல்லாம் படையில இருந்து வந்து தெருவில நிக்கிற ஆக்களுக்கு வீடு குடுக்க பெரிய திட்டமே இருக்காம். இஞ்ச இப்புடி ஆக்களுக்கு என்ன இருக்கு? எங்க தொடங்கணும்? தெரிஞ்சாக்கள் சொல்லுங்க.

கச்சேரி_பழைய_ஆள்:

தம்பி, 31 வருசம் பிரதேச செயலக வேலை செஞ்சு ஓய்வு எடுத்தவன் நான். உங்கட பதிவ ரெண்டு தரம் வாசிச்சன். அந்த ஒபிஸ்ல சொன்ன பதில் பிழை எண்டு சொல்லத்தான் ஆசை, ஆனா எங்கட முறையே அப்புடித்தான் கட்டிக் கிடக்கு. ஜீஎஸ், அதான் கிராம சேவகர்ட கடிதம் இல்லாட்டி அடையாள அட்டை இல்ல, அடையாள அட்டை இல்லாட்டி வங்கிக் கணக்கு இல்ல, கணக்கு இல்லாட்டி அரசாங்கம் வறுமைப்பட்டாக்களுக்கு குடுக்கிற அஸ்வெசும காசு இல்ல, மாற்றுத்திறனாளி கொடுப்பனவு இல்ல. ஜீஎஸ் கடிதத்துக்கு என்ன வேணும்? அவர்ட பிரிவில குடியிருக்கணும். அஸ்வெசும 2023ல தொடங்கினது, அது வீடு வீடா வந்து எடுக்கிற கணக்கெடுப்பு, கடை விறாந்தையில படுக்கிறவர எந்த வீட்டில வந்து எண்ணுறது. அதால முதல் வேலை காசும் இல்ல கல்வீடும் இல்ல, ஒரு விலாசம்.

தங்கச்சி வீட்டு விலாசத்தத்தான் நான் முதல்ல பாப்பன். தங்கச்சியோட பகை இல்ல எண்டு எழுதியிருக்கீங்க. அவக்கிட்ட போய் மரியாதையா கதைச்சு, "என்ட வளவில அண்ணன் ஒரு கொட்டில் போட்டு இருக்க எனக்குச் சம்மதம்" எண்டு ஒரு கடிதம் எழுதி வாங்குங்க. உறுதி அவட பேர்லயே இருக்கட்டும், மச்சானுக்கு காணி போயிரும் எண்ட பயம் வரக்கூடாது, அத முதலே தெளிவா சொல்லிருங்க. அண்ணன் ரெண்டு மூணு மாசம் உண்மையா அங்க இருக்கணும், சும்மா கடதாசிக்கு மட்டும் விலாசம் குடுத்தா ஜீஎஸ் வந்து பாக்கக்குள்ள சிக்கல்.

கொட்டில் போட முதலே பிறப்புப் பத்திரப் பிரதி எடுத்து வைங்க. பதிவு கணினியில ஏத்தியிருந்தா எந்த பிரதேச செயலகத்திலயும் எடுக்கலாம், ஊருக்குத்தான் போகணும் எண்டில்ல. அடையாள அட்டை துலைஞ்சதுக்கு பொலிஸ்ல ஒரு முறைப்பாடு போட்டு அந்தப் பிரதியும் வேணும். பொலிசுக்குப் போக அவர் பயப்படுவார், கட்டாயம் பயப்படுவார், நீங்களும் கூடப் போங்க.

மறுகா பிரதேச செயலகத்தில சமூக சேவை உத்தியோகத்தரக் கேளுங்க. கவுண்டர்ல இருக்கிறவரக் கேக்காதீங்க. கால் இல்லாததுக்கு வைத்தியர்ட சான்றோட மாற்றுத்திறனாளி கொடுப்பனவுக்கு பதியலாம், 2025ல அத 7,500ல இருந்து 10,000 ஆக்கினாங்க. மாற்றுத்திறனாளிக்கு வீடு கட்ட, கழிவறை திருத்த எண்டு ஒரு உதவியும் அதே ஆள் மூலமாத்தான் போறது. வீடமைப்பு அதிகார சபை உதவிக்கு காணி உறுதியோ பேமிட்டோ காட்டணும், அது இப்போதைக்கு இவருக்குச் சரிவராது, அதுக்குப் பின்னால அலைஞ்சு காலத்த வீணாக்காதீங்க. முதியோர் இல்லம் எண்டு யாராவது சொன்னா, அது 60 தாண்டினாக்களுக்கு.

ஒண்டு கவனம். தெருவில படுக்கிறாக்கள பிடிக்க 1841ல வெள்ளக்காரன் போட்ட அலைஞ்சு திரியிறவங்கட சட்டம் இன்னமும் கிடக்கு. அவரக் கேட்டு யாரும் கரைச்சல் குடுத்தா மட்டக்களப்பில சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு, வசதி இல்லாதவங்களுக்கு காசு வாங்காம கதைப்பாங்க.

வாகரைக்_கடற்காத்து:

நானும் இயக்கத்தில இருந்தவள்தான். இஞ்ச பேர் போட விருப்பமில்ல. நீங்க அந்த ராவு அவருக்குப் பக்கத்தில போய் இருந்தீங்க பாருங்க, அதுக்கு நன்றி தம்பி. விடியுமட்டும் ஒராள் கேட்டுக்கொண்டு இருக்கிறது எங்களுக்கு எவ்வளவு பெரிய விசயம் எண்டு உங்களுக்குத் தெரியாது.

தடுப்பால 12,000 பேர் அளவில வெளிய வந்தாக்கள். எங்களுக்கு அங்க தையல் பழக்கினாங்க, பொடியங்களுக்கு மேசன் வேலை, வயரிங், தச்சு வேலை எண்டு. சான்றிதழும் தந்தாங்க. ஆனா முதுகில சன்னம் கிடக்கிற எனக்கு தையல் மெசினுக்கு முன்னால அரை மணித்தியாலம் இருக்கேலா, அத ஒருத்தரும் கேக்கல்ல. கால் இல்லாத ஆளுக்கு சாரத்தில ஏறுற மேசன் வேலை பழக்கி என்ன செய்ற.

எனக்கு வீடு கிடைச்சது இந்திய வீட்டுத் திட்டத்தில, 5,50,000 ரூபா, நாங்களே ஆள் பிடிச்சு கட்டணும், வேலை ஏற ஏற தவணையா வங்கிக்கு காசு வரும். அத்திவாரம் போட்டு, சுவர் எழுப்பி, கூரைக்கு வரக்குள்ள சீமெந்து விலை ஏறி ரெண்டு பவுண் சங்கிலி போச்சு. ஆனாலும் வீடு எண்டு ஒண்டு நிமிந்திச்சு. எனக்கு கிடைச்சதே அம்மாட காணி என்ட பேர்ல இருந்ததாலயும் ரெண்டு புள்ளைகளோட இருந்ததாலயும்தான். எங்கட ஊர்ல தனியாளா வந்த ஆம்புளைகள் பட்டியல்ல கீழ கீழ போயிட்டாங்க. குடும்பம் இல்ல, காணி இல்ல, அப்ப வீடு எதுக்கு எண்ட மாதிரி. நம்மட பக்கத்தில ஆம்புளை கல்யாணம் முடிச்சாத்தானே பொண்டாட்டி வீட்டுக்குப் போவான், முடிக்காதவனுக்கு தாய் இருக்குமட்டும் தாய் வீடு, தாய் போனா தங்கச்சி வீட்டு விறாந்தை. கால் இல்லாதவருக்கு, தடுப்பால வந்தவருக்கு ஆர் பொண்ணு குடுத்தா? இத நான் குறையாச் சொல்லல்ல, இப்புடி எத்தினை பேர் முறையில இடம் இல்லாமலே நிக்கிறாங்க எண்டு நம்மட ஆக்கள் யோசிக்கணும் எண்டுதான் சொல்றன்.

இரவில கத்தி எழும்புறது பைத்தியமில்ல, அத தங்கச்சிக்கும் மச்சானுக்கும் சொல்லுங்க. நானும் எழும்புவன். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில மனநலப் பிரிவு இருக்கு, நான் ரெண்டு வருசம் கிளினிக் போய் குளிசை குடிச்சன், இப்ப நித்திரை வருது. நேர போகக் கூச்சமெண்டா 1926க்கு எடுத்து தமிழ்ல கதைக்கலாம், மனநலத்துக்கான இலக்கம். அவர இருட்டில பின்னால இருந்து தொட்டு எழுப்ப வேணாம் எண்டு புள்ளைகளுக்குச் சொல்லி வைங்க, தூர நிண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டாப் போதும். எங்கட வீட்டில அப்புடித்தான்.

சம்மாந்துறை_வயல்காரன்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லாருக்கும். நான் அம்பாறை மாவட்டம். எங்கட வாப்பா ஊர்காவல் படையில இருந்தவரு, 2006ல அத சிவில் பாதுகாப்புத் திணைக்களம் ஆக்கின புறகும் கொஞ்சக் காலம் இருந்தாரு. அரச பக்கம் நின்ட ஆக்களுக்கு 1999லயே ரணவிரு சேவை அதிகார சபை எண்டு சட்டம் போட்டு ஒண்டு வெச்சிரிக்காங்க, ஆமிக்காரங்களுக்கு பென்சன் இரிக்கு. அப்புடி இரிந்தும் எங்கட வாப்பா கடைசிக் காலத்தில வெடிச் சத்தத்துக்கு பயந்து கட்டிலுக்குக் கீழ போனவருதான். அப்ப ஒண்டுமே இல்லாத அந்த அண்ணன்ட நிலமைய யோசிச்சுப் பாருங்க.

உண்மைய மறைக்கல்ல, 1990ல இயக்கத்தால எங்கட முஸ்லிம் சனம் பட்டது லேசில மறக்கிற விசயமில்ல. எங்கட வீட்டிலயும் ஒரு மையித்து விழுந்திச்சு. இந்தப் பதிவ வாசிக்கக்குள்ள எனக்கும் ஒரு நிமிசம் மனசு இறுகித்தான் போச்சு. ஆனா 16 வயசில போன புள்ள, இப்ப கால் இல்லாம கடை வாசல் கூட்டிக்கிட்டு இரிக்கிற ஆள், அந்த ஆளுக்கு ஒரு கூரை வேணாம் எண்டு என்ட வாயால வராது. கொட்டில் போடக்குள்ள சொல்லுங்க, என்கிட்ட வயல் வாடி பிரிச்ச நல்ல தகரம் எட்டு இரிக்கு, வாகனம் மட்டும் பாத்தாக் காணும்.

ஹூஸ்டன்ல_ஒரு_களுவாஞ்சிகுடியான்:

அமெரிக்கா பத்தி கேட்டிருந்தீங்க. நான் இஞ்ச ஹூஸ்டன்ல ஆஸ்பத்திரி வேலை, லீவு நாள்ல தெருவில இருக்கிற முன்னாள் படையாட்களுக்கு சாப்பாடு, உடுப்பு குடுக்கிற இடத்தில உதவிக்குப் போவன், அதால கொஞ்சம் தெரியும்.

இஞ்சயும் வியட்நாம் சண்டை முடிஞ்சு வந்தவங்க பாலத்துக்குக் கீழ கிடந்தாங்க. அப்ப இருந்த முறை என்னெண்டா, முதல்ல குடிய விடு, மருந்து எடு, வேலை தேடு, புறகு வீடு பாப்பம். ஒருத்தராலயும் ஏலாமப் போச்சு. தெருவில படுத்துக்கொண்டு எப்புடிக் குடிய விடுற, சப்பாத்த களவெடுப்பாங்க எண்டு பயந்து நித்திரையே கொள்ளாதவன் எப்புடி வேலைக்குப் போற. மறுகாதான் தலைகீழா மாத்தினாங்க, முதல்ல வீடு, மத்ததெல்லாம் வீட்டுக்குள்ள இருந்து. 2008ல இருந்து பெரிசாச் செய்றாங்க. வீட்டு வாடகையில அவர்ட வருமானத்தில 30 வீதம் அளவில அவர் கட்டுவார், மிச்சத்த அரசாங்கம் வவுச்சரா வீட்டுக்காரருக்கு குடுக்கும். அதோட ஒரு அலுவலர் மாறாம அவரத் தேடி வீட்டுக்கே வருவார், மருந்து எடுத்தியா, கடிதம் வந்ததா, வீட்டுக்காரரோட சண்டையா எண்டு கேட்டு. கனபேர் வவுச்சரத்தான் பெரிசாச் சொல்லுவாங்க. நான் கண்டது அந்த வந்து போற ஆள்தான் பெரிசு. அவர் இல்லாட்டி மூணாம் மாசம் திரும்ப தெருவுக்கு வந்திருவாங்க.

2010ல 74,000 பேருக்கு மேல வீடில்லாத முன்னாள் படையாட்கள் இருந்தாங்க, 2024 ஜனவரியில ஒரே ராவில எண்ணக்குள்ள 32,882. எங்கட ஹூஸ்டன் நகரத்தில 2015 ஜூன்லயே, தெருவில இருக்கிற எந்த முன்னாள் படையாளுக்கும் கெதியா வீடு குடுக்க ஏலும் எண்ட நிலைக்கு வந்திட்டம் எண்டு அறிவிச்சாங்க. இஞ்சயும் கடதாசிப் பிரச்சினை இருக்கு, டீடி-214 எண்டு படையில இருந்து விலகின பத்திரம் ஒண்டு, கனபேர்ட அது துலைஞ்சிருக்கும். ஆனா துலைஞ்சிட்டா உதவுற நிறுவனமே எழுதி எடுத்துக் குடுக்கும், அது வருமட்டும் ஆள் தற்காலிக இடத்தில படுப்பார். ஒழுங்கில்லாம விலக்கப்பட்டவங்களுக்கு இஞ்சயும் பல கதவு பூட்டுத்தான், எல்லாம் சொர்க்கம் எண்டு நினைக்க வேணாம்.

நம்மட ஊர்ல அந்த வவுச்சர் நாளைக்கு வராது. ஆனா அந்த வந்து போற ஆள் இப்பவே இருக்கிறார், ஓட்டோ ஓடுற நீங்கதான். கொட்டில் போட்ட புறகும் கிழமைக்கு ஒருக்கா போய்ப் பாருங்க. பொய்க்கால் செலவு என்ட பொறுப்பு. யாழ்ப்பாணத்தில ஜெய்ப்பூர் நிலையம் இருக்கு, அளவு எடுத்துச் செய்வாங்க, போய் வர பஸ் காசும் தங்குற செலவும் நான் அனுப்பிறன். உங்கட உள்பெட்டிக்கு எழுதியிருக்கன்.

ஏறாவூர்_சந்தி:

அவர்ட படத்தையோ வீடியோவையோ தயவு செஞ்சு எங்கயும் போட வேணாம். இப்ப ஒரு பழக்கம் வந்திருக்கு, யூடியூப்காரர் கமெராவோட வந்து கஸ்டப்பட்ட ஆளுக்கு அரிசிப் பை குடுத்து அழ வச்சு எடுக்கிறது. வெளிநாட்டுக் காசு வரும்தான், ஆனா அந்த ஆள் மறுகா சந்தையில எப்புடி முகம் காட்டுறது. இவர் கை நீட்டாத ஆள், அத ஞாபகம் வச்சுக்கொள்ளுங்க. விசாரிக்க வாறவங்களுக்கும் நாமளே விலாசம் குடுத்த மாதிரி ஆகிரும்.

கல்லடிப்பாலம்_ஓட்டோ எழுதினது, அஞ்சு கிழமைக்குப் புறகு:

எல்லாருக்கும் பதில் எழுத சுணங்கிப் போச்சு, மன்னிச்சுக் கொள்ளுங்க. நடந்தத சொல்லிறன்.

கச்சேரி ஐயா சொன்ன மாதிரி தங்கச்சியிட்ட போனன், அண்ணன கூட்டிக்கொண்டு போகல்ல, தனியத்தான் போனன். கடப்படியில நிண்டு விசயத்த சொல்லி முடிக்க முதலே அவ அழத் தொடங்கிட்டா, எங்க இருக்கார் எண்டே அவங்களுக்குத் தெரியாதாம், கொழும்பில எங்கயோ வேலை எண்டு யாரோ சொல்லியிருக்காங்க. மச்சான் கனநேரம் ஒண்டும் கதைக்கல்ல. வாகரை அக்கா எழுதினத போன்ல அப்புடியே வாசிச்சுக் காட்டினன், கத்தி எழும்புறது பைத்தியமில்ல எண்ட இடம் வரக்குள்ள அவர் எழும்பி வளவுக்குப் பின்னால போய், கிணத்தடிப் பக்கம் ஒரு துண்ட காலால அளந்து காட்டி "இதுல போடலாம்" எண்டார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

அடுத்த ஞாயிறு அவங்கட மூத்த மகள், இப்ப 19 வயசு, என்ட ஓட்டோவிலயே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தா. அவர் ஊர விட்டு வரக்குள்ள அந்தப் புள்ள சின்னப்புள்ள. தூர நிண்டு "மாமா" எண்டு ஒருக்கா கூப்பிட்டா. அவர் விளக்குமாறோட திரும்பினவர், கடை முன்னால மிச்சத்த கூட்டி முடிச்சிட்டுத்தான் வந்தார்.

சம்மாந்துறை நானாட தகரம் எட்டும் வந்திட்டு, அவரே மகனையும் கூட்டிக்கொண்டு வந்து கூரை போட்டுத் தந்திட்டு, சாப்பிடச் சொல்லியும் தேத்தண்ணி மட்டும் குடிச்சிட்டுப் போனார். அண்ணனும் அவரும் கனக்க கதைக்கல்ல, தகரத்துக்கு ஆணி அடிக்கக்குள்ள ஒராள் பிடிச்சார் ஒராள் அடிச்சார். மண் சுவர், ஒரு கதவு, உள்ளுக்கு ஒரு வாங்கு. முதல் ரெண்டு நாளும் அவர் வெளியதான் சுவரோட சாஞ்சு இருந்தார், மூணாம் நாள்தான் உள்ள படுத்தார் எண்டு தங்கச்சி சொன்னா. கிளினிக்குக்கு ஒருக்கா போயாச்சு, இன்னும் கத்தி எழும்புறார்தான்.

பிறப்புப் பத்திரம் எடுத்தாச்சு. பொலிஸ் முறைப்பாட்டுக்கு ரெண்டு தரம் வாசல் வரைக்கும் போய் திரும்பி வந்தம், மூணாந்தரம் மருமகள் கையப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனா, போட்டாச்சு. ஜீஎஸ் நேத்து வந்து கொட்டில பாத்தார், நல்ல மனுசன், இன்னும் ஒரு மாசம் போகட்டும் கடிதம் தாறன் எண்டிருக்கார். ஹூஸ்டன் அண்ணன்ட காசு கிடைச்சது, கடிதம் வந்த புறகு யாழ்ப்பாணம் போவம்.

இப்ப ஒரு சின்ன அலுவல். அடையாள அட்டைக்கு ஸ்டூடியோவில படம் எடுக்கணும். அவருக்கிட்ட இருக்கிற ரெண்டு சேட்டும் கொலர் கிழிஞ்சு கிடக்கு, புதுசு வாங்கித் தந்தா வேணாம் எண்டு சொல்றார், ஆராவது போட்ட பழசு எண்டா வாங்கிக்கொள்ளுவன் எண்டார். 40 சைஸ், வெளிர் நிறத்தில, யாருக்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, நான் வந்து எடுக்கிறன்.